அப்பாவைக் காட்டிய முதியோர் மனநல டாக்டர்: எங்கள் அனுபவம்

வயதானவர்களின் மனநலத்துக்கென்று தனியாக ஒரு சைக்கியாட்ரிஸ்ட் எதற்கு என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்பாவைக் காட்டினோம். குறைகளும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை.

அம்மா போன பிறகு அப்பாவுக்குப் பேச்சும் சாப்பாடும் குறைந்து, பேரன் பெயரே தடுமாற ஆரம்பித்தது. மறதி நோய்தான் என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு முடிவு கட்டிவிட்டார்கள்.

அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் கொண்டு வரச் சொன்னார்கள். டாக்டர் பையை மேசையில் கொட்டி, ஒவ்வொரு அட்டையாக எடுத்து, இது யார் கொடுத்தது, எப்போதிலிருந்து, தினமுமா என்று கேட்டார். தூக்கத்துக்கு அல்பிரசோலம், கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், போதாததற்கு மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டு வாங்கிய சளி மாத்திரை. மூன்றுமே இந்த வயதில் மூளையை மந்தமாக்கும், தடுமாறி விழ வைக்கும் என்றார். அல்பிரசோலத்தைச் சட்டென்று நிறுத்தக் கூடாதாம், படிப்படியாகத்தான் குறைத்தார். புதிதாக ஒன்று எழுதுவதற்கு முன்னால் இருப்பதைக் குறைக்கிற டாக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்புறம் ஞாபக சோதனை. கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். அப்பா எதைக் கேட்டாலும் "தெரியலைங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் எங்களைப் பார்க்கவே இல்லை, "மெதுவா போடுங்க ஐயா" என்று அவரிடமே பேசிக் காத்திருந்தார், முள் இரண்டும் சரியான இடத்தில் வந்து விழுந்தது. மறதி நோயின் ஆரம்பத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் எதையாவது சொல்லிச் சமாளிப்பார்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள் முயலாமலே தெரியாது என்று விட்டுவிடுவார்கள் என்று விளக்கினார். அதை மட்டும் வைத்து முடிவு செய்யவும் இல்லை, தைராய்டு, பி12, சோடியம் எல்லாம் பார்த்தார். பி12 குறைவு, சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுவதும் காரணமாக இருக்கலாமாம். மனச்சோர்வுக்கு எஸ்சிடாலோபிராம், அதுவும் குறைந்த அளவில். அந்த மாத்திரை வயதானவர்களுக்குச் சோடியத்தை இறக்கிவிடலாம் என்பதால் சில நாளில் திரும்பவும் ரத்தம் எடுக்கச் சொன்னார். இப்போது அப்பா தானே பேப்பர் எடுத்துப் படிக்கிறார், குழம்பில் உப்பு போதவில்லை என்கிறார். ஆனாலும் வயதான காலத்து மனச்சோர்வு சிலருக்கு மறதி நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கும், அதனால் ஞாபக சோதனையைத் தொடர்ந்து செய்வோம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

குறைகள்: காத்திருப்பு ரொம்ப அதிகம். முதியோருக்கான பிரிவு என்கிறார்கள், பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கூட இல்லை! கவுன்சலிங்குக்கு வந்தவர் பாதிக்குப் பாதி இங்கிலீஷில் பேசியதில் அப்பா வாயை மூடிக்கொண்டார். ஃபீஸும் கொஞ்சம் ஜாஸ்திதான்.

அவ்வளவு செலவு முடியாதவர்கள் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையைத் தயங்காமல் பாருங்கள். டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய, அண்ணா நகரில் இருக்கும் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் மறதி நோய்க்கும் சேவை தருகிறது. வெளியூர்க்காரர்கள் முதலில் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்குப் போன் போடலாம், இலவசம், தமிழில் பேசலாம். எங்கே போனாலும் மாத்திரைப் பையை மறக்காதீர்கள், காது மெஷின் இருந்தால் மாட்டிக் கூட்டிப் போங்கள், காது கேட்காமல் விழிப்பதையும் மறதி என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.