பிரெஞ்சு வினைச்சொல்லை அசை பிரித்து வாசிப்பது: மூன்று வருட அனுபவம்

பிரான்ஸின் லியோன் நகருக்கு வேலைக்கு வந்த புதிதில் தொடங்கிய பழக்கம். வாய்க்குள் நுழையாத வினை வடிவம் எதுவானாலும் நோட்டில் எழுதி, கோடு போட்டு அசை பிரித்து, போனின் வாசிப்புக் குரலைக் கேட்டு ஐந்து தடவை சொல்வேன். இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது.

முதல் நோட்டு முழுக்க வீண். எழுத்தைப் பார்த்துப் பிரித்ததுதான் கோளாறு. 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்கான வினையை எழுத்தில் இரண்டு துண்டாகப் பிரிப்பார்கள். வாயில் அது 'பார்ல்', ஒரே அசை. கடைசியில் நிற்கும் இ, என், டி மூன்றும் ஊமை. 'நாங்கள் செய்கிறோம்' இன்னும் மோசம். எழுத்தில் ஏ-யும் (a) ஐ-யும் (i) சேர்ந்தால் வழக்கமாக 'ஏ' ஒலி வரும். இந்தச் சொல்லில் அது குறுகி 'ஃபெ-ஸோன்' ஆகிவிடும். ஆறு மாதம் 'ஃபே' என்றே சொல்லித் திரிந்தேன். அலுவலகத்தில் ஒருவரும் திருத்தவில்லை, மரியாதையாம்.

இரண்டாவது நோட்டிலிருந்து காதால் பிரித்தேன். அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. 'பாடுவோம்' என்ற எதிர்காலம் பேச்சில் 'ஷான்-த்ரோன்', இரண்டே அசை. நடுவில் உள்ள 'எ' நம் குற்றியலுகரத்தைவிட மெலிந்து காணாமல் போகும். அதே வினையின் நிபந்தனை வடிவத்தில் ('முடிந்தால் பாடுவோம்' என்பது போல) அது போகாது: 'ஷான்-தெ-ரியோன்'. விழுங்கினால் த், ர், ய் மூன்றும் முட்டிக்கொள்ளும். 'விரும்புவீர்களா' என்று பணிவாகக் கேட்கும் வடிவத்தில் 'த்ர்' முன்பே நிற்பதால் 'இ' தனி அசையாகிறது: 'வூ-த்ரி-யே'.

சொல்லோடு சொல் சேர்வது நமக்குச் சுலபம். பால், ஆறு என்பதைப் பாலாறு என்கிறவர்களுக்கு பிரெஞ்சின் 'இல்', 'ஆ' (அவனிடம் இருக்கிறது) சேர்ந்து 'இ-லா' ஆவதில் என்ன கஷ்டம்?

குறையும் உண்டு. இலக்கிய இறந்தகாலத்துக்குப் பத்துப் பக்கம் செலவழித்தேன்; அன்றாடப் பேச்சில் யாரும் அதைத் தொடுவதில்லை. போன் குரலையும் முழுதாக நம்ப முடியாது. 'ஓடிக்கொண்டிருந்தேன்' என்பது 'கூ-ரே'. 'ஓடுவேன்' என்ற நிபந்தனை வடிவம் 'கூர்-ரே', தொண்டையில் உரசும் 'ர' சற்று நீளும். வித்தியாசம் அவ்வளவுதான், என் போன் இரண்டையும் ஒரே மாதிரி வாசித்தது. சந்தேகம் வந்தால் இப்போது பக்கத்து மேசை அம்மாவிடம்தான் போகிறேன். சரியாகச் சொல்லிக் காட்டுவார். ஏன் அப்படி என்று கேட்டால் தோளைக் குலுக்குவார்.