ஷெர் பாடுன 'பிலீவ்': இப்பவும் காசு குடுத்து வாங்கலாம்

ஆட்டோட்யூன்னாலே (பாடுன குரலோட சுருதிய திருத்துற சாஃப்ட்வேர்) பாட வராதவங்க பண்ற வேலைன்னு நினைச்சா, நல்ல ஹெட்போன் போட்டு இந்தப் பாட்ட ஒரு தடவ கேளுங்க. 1998ல வந்துச்சு, பாடும்போது அமெரிக்கப் பாடகி ஷெருக்கு 52 வயசு, 1960கள்லேர்ந்து ஹிட்டு குடுக்குற அம்மா, சுருதி சேர ஒரு மெஷினும் தேவையில்ல.

அந்த சாஃப்ட்வேர் வந்ததே 1997லதான். பண்ணவர் ஆண்டி ஹில்டிபிராண்ட், அதுக்கு முன்னாடி மனுஷன் நில அதிர்வலைய வச்சு பூமிக்கடியில எண்ணெய் தேடுற துறையில இருந்தவர் (எங்கேர்ந்து எங்க வந்திருக்கு பாருங்க). லேசா சுருதி விலகுனா யாருக்கும் தெரியாம சரி பண்ணத்தான் அது. லண்டன் பக்கம் கிங்ஸ்டன்ல ஸ்டுடியோ வச்சிருந்த, இந்தப் பாட்ட தயாரிச்ச மார்க் டெய்லரும் பிரையன் ராலிங்கும் அது திருத்துற வேகத்த உச்சத்துக்கு ஏத்தி விட்டுட்டாங்க, அதனால குரல் ஒரு ஸ்வரத்துலேர்ந்து அடுத்ததுக்கு இழைஞ்சு போகாம டக்கு டக்குன்னு தாவுது, கமகத்துக்கு நேர் எதிர். பாட்ட வெளியிட்ட வார்னர் கம்பெனியோட அப்போதைய யுகே தலைவர் ராப் டிக்கின்ஸ் இத எடுத்துடுங்கன்னாராம், ஷெர் ஒத்துக்கவே இல்ல. இதுல கூத்து என்னன்னா, எப்படி பண்ணீங்கன்னு கேட்டப்போ டெய்லர் தரப்பு வோகோடர்னு (குரல ரோபோ மாதிரி ஆக்குற வேற ஒரு கருவி) கதை விட்டு தொழில் ரகசியத்த மறைச்சாங்க.

எனக்குப் பிடிச்சதே அந்த எஃபெக்ட்ட கஞ்சத்தனமா போட்டிருக்கறதுதான். சரணத்துல அங்கங்க சில வார்த்தையில மட்டும் குரல் உடையுது, பல்லவி வந்ததும் அடிவயித்துலேர்ந்து முழு குரல். இப்ப வர்ற பாட்டுல ஆரம்பிச்சதுலேர்ந்து முடியிற வரைக்கும் அதையே அப்பி வைக்கிறாங்க, எரிச்சலா வருது.

பாட்டு எழுதுனவங்கன்னு மொத்தம் ஆறு பேர் பேரு போட்டிருக்கு, பழைய டெமோவுல பல்லவி மட்டும் தேறி மத்தத மாத்தி எழுதுனாங்களாம், ஆனா கேக்கும்போது ஒட்டு தெரியல. யுகேல 7 வாரம் நம்பர் ஒன், 1999ல அமெரிக்காவுல 4 வாரம், அப்புறம் சிறந்த டான்ஸ் ரெக்கார்டிங்குக்கு கிராமி.

குறைன்னா, சிந்தசைசர் சத்தமும் கிக் டிரம்மும் அப்பட்டமா தொண்ணூறுகள். கடைசி ஒரு நிமிஷம் பல்லவியவே சுத்தி சுத்தி வருது, அதுவும் ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டா பேஸ் காணாமப் போயி சப்புன்னு இருக்கு.

5க்கு 4. நீள நீளமான கிளப் ரீமிக்ஸ்லாம் தேட வேணாம், ஒரிஜினல் 4 நிமிஷம் போதும்.