பாத்ரூம் சிலிகான் சீலன்ட்: 8 மாசம் பாத்துட்டு எழுதுறேன்

சானிட்டரி சிலிகான்னு போட்டு 280 மில்லி டியூபா வருமே, பாத்ரூம்ல சுவரும் தரையும் சேர்ற மூலை, வாஷ்பேசின் ஓரம் இங்கெல்லாம் வெள்ளையா ஒரு கோடு மாதிரி அடிச்சிருப்பாங்களே, அதப் பத்திதான். வாங்குன உடனே ரிவ்யூ போட்டா ஒண்ணும் தெரியாது, அதனால எட்டு மாசம் காத்திருந்து பாத்துட்டு எழுதுறேன். 5க்கு 4 குடுப்பேன்.

முதல்ல ஏன் வாங்குனேன்னு சொல்லிடறேன். பெட்ரூம் சுவர்ல, பாத்ரூமுக்கு நேர் பின்பக்கம், கீழ ஸ்கர்ட்டிங் ஓரமா பெயிண்ட் உப்பிக்கிட்டு வந்துச்சு, விரல வெச்சு அழுத்துனா பொலபொலன்னு உதிருது. வந்து பாத்த பிளம்பர் உள்ள போற பைப்புதான் லீக், டைல்ஸ உடைச்சுதான் ஆகணும்னுட்டார். உடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ நாமளே செக் பண்ணிடுவோம்னு ராத்திரி எல்லா டேப்பையும் மூடிட்டு வாட்டர் மீட்டர் நம்பர போட்டோ எடுத்து வெச்சேன், ரெண்டு மணி நேரம் கழிச்சு போய் பாத்தா அதே நம்பர், கடைசி முள்ளு கூட நகரல. அப்ப தண்ணி வர்ற பைப்ல பெரிய லீக் இருக்க வாய்ப்பில்ல (இந்த டெஸ்ட்ல கழிவு பைப் லீக் தெரியாது, அத தனியாத்தான் பாக்கணும்). அப்புறம் டார்ச் அடிச்சு மூலை மூலையா பாக்கும்போதுதான் ஷவருக்கு கீழ பழைய சிலிகான் சுவர விட்டு மெலிசா பிரிஞ்சு நிக்கறது கண்ணுல பட்டுச்சு, நகம் உள்ள போற அளவுக்கு கேப். தினம் குளிக்கிற தண்ணி அது வழியாதான் உள்ள போயிருக்கு.

இந்த மூலைல ஏன் கிரௌட் (டைல்ஸ் இடுக்குல அடைக்கிற சிமெண்ட் கலவை) போடாம சிலிகான் போடறாங்கன்னு நிறைய பேருக்கு தெரியறதில்ல. சுவரும் தரையும் சூட்டுக்கும் குளிருக்கும் தனித்தனியா கொஞ்சம் அசையும், கிரௌட் சிமெண்ட் மாதிரி இறுகிடறதால அங்க விரிசல் விட்டுரும், சிலிகான் ரப்பர் மாதிரி இழுத்துக் குடுக்கும்.

இப்ப டியூபுக்கு வர்றேன். டியூப அழுத்தி வெளிய தள்ளுற கன்ல மாட்டி அடிக்க சுலபமா இருக்கு, டியூப் முனைல இருக்கற நாசில்ல சாய்வா, ஓட்ட சின்னதா வர்ற மாதிரி வெட்டிக்கோங்க, ஒரே சீரா வருது. அடிக்கும்போது புளிச்ச வினிகர் வாசம் வரும், அது காத்துல இருக்கற ஈரத்த எடுத்து இறுகும்போது வர்ற அசிட்டிக் ஆசிட், ஜன்னல தொறந்து வெச்சுக்கோங்க. பத்து நிமிஷத்துக்கெல்லாம் மேல தோல் கட்ட ஆரம்பிச்சுடுது, அதுக்குள்ள சோப்பு தண்ணி தொட்டு விரலால ஒரே இழுப்பா இழுத்து விட்டுட்டு முன்னாடியே ரெண்டு ஓரத்துலயும் ஒட்டி வெச்ச மாஸ்கிங் டேப்பையும் உரிச்சுடணும். லேட்டா தொட்டா திரி திரியா வந்து அசிங்கமாயிடும்.

ஆனா உண்மைய சொல்லணும்னா அடிக்கிறது இருபது நிமிஷ வேலை, பழசை எடுக்கறது அரை நாள் வேலை, ரிசல்ட் முழுக்க அந்த அரை நாள்லதான் இருக்கு. பிளேடு வெச்சு கீறி இழுத்தேன், பாதி நீளமா வந்துச்சு, மீதி டைல்ஸோட ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது. ஒரு எடத்துல உரிச்சதும் அடில இருந்து பழுப்பா நாத்தம் புடிச்ச தண்ணி கசிஞ்சுது, பாக்கவே மனசு கஷ்டமா போச்சு, எத்தன மாசமா உள்ளயே தேங்கி நின்னுச்சோ. போன வருஷம் ஒரு ஆள வெச்சு இதே எடத்துல அடிச்சோம், அவரு பழசு மேலயே புதுச அடிச்சுட்டு போயிட்டாரு, மூணே மாசத்துல தூக்கிக்கிச்சு. காஞ்ச சிலிகான் மேல புது சிலிகான் ஒழுங்கா ஒட்டாது, ஈரத்து மேலயும் ஒட்டாது. அதனால இந்த தடவ ஸ்பிரிட் போட்டு துடைச்சு, ரெண்டு நாள் அந்த பாத்ரூமையே யூஸ் பண்ணாம ஃபேன் போட்டு காய வெச்சு அப்புறம்தான் அடிச்சேன். ஒரு நாளைக்கு 2-3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும், 24 மணி நேரமாவது தண்ணி படக்கூடாது, நான் ரெண்டு ராத்திரி விட்டேன்.

குறைன்னு பாத்தா, வடிகால் பக்கத்துல ஒரு விரல் நீளத்துக்கு ஆறாவது மாசமே கருப்பு புள்ளி வந்துச்சு. பூஞ்சணம் வராம இருக்க மருந்து கலந்திருக்குன்னு மேல போட்டிருக்கான், கலந்திருக்கு, ஆனா அது காலத்துக்கும் தாங்காது, சோப்பு தண்ணி தேங்கற எடத்துல சீக்கிரம் வந்துடுது. அந்த ஒரு ஸ்டார் அதுக்குதான் கொறச்சேன். இன்னொண்ணு, மார்பிளுக்கும் கண்ணாடி பின்பக்கத்துக்கும் இந்த வினிகர் வாசம் வர்ற டைப்ப தொடவே கூடாது, அரிச்சுடும், அதுக்கு நியூட்ரல்னு தனியா இருக்கு. இது மேல பெயிண்டும் புடிக்காது. வாங்கும்போது டியூப்ல தேதி பாருங்க, நாள் போனது சரியா இறுகாம பிசுபிசுன்னே நிக்கும்.

ஒட்டுன எடம் இப்பவும் கெட்டியாதான் இருக்கு. மாசா மாசம் பாத்ரூம் கழுவும்போது ஓரமா நகத்த ஓட்டி எங்கயாச்சும் தூக்குதான்னு பாத்துக்கறேன், ஒரு நிமிஷம் கூட ஆகாது.

பெட்ரூம் சுவர்ல அந்த ஓத கறைய சுத்தி பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி வெச்சிருந்தேன். இப்ப ஈரம் கோட்ட விட்டு ஒரு சாண் உள்ள வந்துடுச்சு, நடுவுல மட்டும் கை வெச்சா இன்னும் ஜில்லுன்னு இருக்கு. அதுவும் காஞ்சப்புறம்தான் பட்டி பாத்து பெயிண்ட் அடிக்கணும்.