விடுதிச் சாப்பாடா, சொந்த அடுப்பா?

பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பிக்கும்போது எல்லார் கண்ணும் வாடகை மேல்தான் போகும். அதற்கு அடுத்த வரியில் சாப்பாட்டுக் கட்டணம் இருக்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யூசோஃப், ஷியர்ஸ், ராஃபிள்ஸ், தெமாசெக் போன்ற ஹால்களிலும், அதன் யுடவுன் (யுனிவர்சிட்டி டவுன்) வளாகத்தில் தெம்புசு போன்ற உறைவிடக் கல்லூரிகளிலும் இடம் கிடைத்தால் காலையுணவுக்கும் இரவுணவுக்கும் சேர்த்தே பணம் கட்டவேண்டும். "எனக்கு அறை மட்டும் போதும்" என்றால் நடக்காது. யுடவுன் ரெசிடென்ஸ் போன்ற இடங்களில் வழக்கமாக இந்தக் கட்டாயம் இல்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக விடுதிகளிலும் அப்படியே. அங்கே கேன்டீனில் அவ்வப்போது காசு கொடுத்துச் சாப்பிடலாம்.

கட்டாயத் திட்டத்தை எடைபோடும்போது பலர் மொத்தக் கட்டணத்தை வேளைக் கணக்கால் வகுத்து, "ஒரு வேளைக்கு 5 வெள்ளிதானே" (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்) என்று திருப்தி அடைகிறார்கள். சராசரி ஏமாற்றுவது இங்கேதான். ஒரு பருவத்துக்கு 800 வெள்ளி, 80 காலையுணவு, 80 இரவுணவு என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக எடுத்த எண்கள், உங்கள் விடுதியின் எண்களைப் போட்டுப் பாருங்கள்). வெளியே காலைப் பசியாறலை 3 வெள்ளியில் முடிக்கலாம் என்றால், 80 காலையுணவின் மதிப்பு 240 வெள்ளிதான். மீதி 560 வெள்ளி இரவுணவுகளின் தலையில் விழுகிறது: வேளைக்கு 7 வெள்ளி. அதே வளாகத்துக் கேன்டீனில் 5, 6 வெள்ளிக்குச் சோறு, இரண்டு காய், ஒரு கறி வாங்கலாம் என்றால், எல்லா வேளையும் சாப்பிட்டாலும் திட்டம் சற்று விலை கூடியதுதான். பாதிக் காலையுணவை உறக்கத்தில் விட்டு, இரவிலும் 25 வேளை தவறினால் சாப்பிட்டது 95 வேளை. அப்போது ஒரு வேளை 8 வெள்ளி 40 காசைத் தாண்டிவிடுகிறது.

தவறவிடுவது சோம்பலால் மட்டும் அல்ல. இரவுணவுக்கு நேர வரம்பு உண்டு. ஆய்வுக்கூட வகுப்போ விளையாட்டுப் பயிற்சியோ அந்த நேரத்தில் விழுந்தால் உணவுக்கூடம் மூடியபின்தான் திரும்ப முடியும். வெள்ளி மாலையே வீட்டுக்குப் போகும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வார இறுதி வேளைகளும் வீண். பருவம் முடிந்தால் பயன்படுத்தாத வேளைக்குப் பணம் திரும்பும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம். விடுதி விண்ணப்பம் முதலில் வருகிறது, பாட அட்டவணை பிறகுதான் வருகிறது என்பது இதில் உள்ள கஷ்டம். விண்ணப்பிக்குமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: தவறிய வேளையை வேறொரு நாளில் சேர்த்து எடுக்கலாமா? இரவுணவைப் பொட்டலமாக எடுத்து வைக்கச் சொல்ல முடியுமா?

சைவர்களுக்கு இன்னொரு சிக்கல். சைவக் கடை என்று போட்டிருப்பது பெரும்பாலும் சீனச் சைவம்: தோஃபு, காளான், கோதுமைப் புரதத்தில் செய்த போலி இறைச்சி. பௌத்த மரபில் சமைத்தால் வெங்காயம், பூண்டு இருக்காது. அவற்றைத் தவிர்ப்பவர்களுக்கு நல்லது. ஆனால் சாம்பார், தயிர் எதிர்பார்ப்பவருக்கு மூன்றாம் வாரமே அலுத்துவிடும். இந்திய உணவு வரிசையில் பருப்புக் கரண்டியும் கோழிக் கறிக் கரண்டியும் அருகருகே இருக்கும். கண்டிப்பான சைவர் என்றால் கட்டாயத் திட்டமில்லாத இடத்தையே பாருங்கள், மற்ற வசதிகள் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

அங்கே பொதுச் சமையலறைதான் கைகொடுக்கும். ஊரிலிருந்து கொண்டுவரும் அலுமினியக் குக்கர் இண்டக்ஷன் அடுப்பில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடுகு, மிளகாய் தாளித்தால் புகைமானி அலறலாம். எண்ணெயைப் புகையவிடாமல் மிதமான சூட்டில் மூடி போட்டுத் தாளிப்பது நல்லது. அறைக்குள் ரைஸ் குக்கர் வைக்கப் பெரும்பாலும் அனுமதி இல்லை, சோதனையில் பறிபோகும். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 75 முதல் 100 கிராம் அரிசி போதும். மிஞ்சிய சோற்றைக் குக்கரிலேயே விட்டு இரவு முழுக்க வைத்தால் அதில் வளரும் பாக்டீரியாவின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆழமில்லாத டப்பாவில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். டப்பாவில் பெயரும் தேதியும் எழுதாவிட்டால் பொதுக் குளிர்பெட்டியில் அது எல்லாருக்கும் சொந்தம்.

வீட்டுச் சமையலை மாதக் கணக்கில் தருவிக்கும் டிங்காட் முறை ஒருவருக்குக் கட்டுப்படியாகாது. பெரும்பாலும் இரண்டு பேர் அளவிலிருந்துதான் தொடங்கும். அறைத்தோழர் சேர்ந்தால் மட்டும் யோசிக்கலாம். மாலை நான்கு மணிக்கே வந்திறங்கும் சாப்பாட்டை ஒன்பது மணிக்குத் திறப்பதும் நல்லதல்ல. 5 முதல் 60 டிகிரி வரையான சூட்டில் நான்கு மணி நேரத்துக்குமேல் கிடந்த உணவைக் கொட்டிவிடுவதே முறை.

வளாகத்துக்கு வெளியே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அறை எடுப்பவர்களுக்குக் கிளமெண்டி உணவங்காடி நிலையமோ லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையோ எட்டும் தூரத்தில் இருந்தால் சாப்பாட்டுச் செலவு நன்றாகக் குறையும். ஆனால் விளம்பரத்தில் "லைட் குக்கிங்" என்றிருந்தால் முட்டை அவிக்கலாம், நூடுல்ஸ் கொதிக்கவைக்கலாம் என்றுதான் பல வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். சாம்பார் தாளிக்கலாமா என்று நேரடியாகக் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வீவக அறையைக் குறைந்தது ஆறு மாதத்துக்கு எடுத்தாகவேண்டும் என்பதால், மசாலா வாசனைச் சண்டை முதல் மாதமே தொடங்கினால் எளிதில் வெளியேற முடியாது.