ஏஐ ஏஜென்டுக்குப் பழைய ஏபிஐ கருவிகளை மறக்கக் கற்பித்த அனுபவம்

மார்த்தாண்டம், குலசேகரம் பகுதிகளில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்த ரப்பர் பால்) வாங்கும் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சிறு குழுவில் வேலை செய்கிறேன். கடைக்காரர் தமிழில் கேட்டால் அன்றைய விலை, சரக்கு இருப்பு, விவசாயிக்குத் தர வேண்டிய பாக்கி ஆகியவற்றை எடுத்துச் சொல்லும் ஏஜென்ட் ஒன்றை 2023-ஆம் ஆண்டின் இறுதியில் அதனோடு இணைத்தோம். அன்றுமுதல், டெப்ரிகேட் செய்யப்பட்ட, அதாவது 'இனிப் பயன்படுத்த வேண்டாம்' என்று அறிவிக்கப்பட்ட ஏபிஐ கருவிகளை (ஏஜென்ட் தரவு எடுக்க அழைக்கும் நிரல்களை) பதிவேட்டில் எழுதுவதும், ஏஜென்ட் அவற்றை விட்டு விலகிவிட்டதா என்று சோதிப்பதும் என் பொறுப்பு.

'டெப்ரிகேட்' என்ற சொல்லைக் 'காலாவதி' என்று எழுதத் தொடங்கியதே முதல் தவறு. காலாவதியானது வேலை செய்யாது. டெப்ரிகேட் செய்யப்பட்டதோ நிறுத்தும் நாள் வரை ஒழுங்காகவே வேலை செய்துகொண்டிருக்கும். மறுநடவுக்காக வெட்டக் குறித்துவைத்த ரப்பர் மரத்திலும் கடைசி நாள்வரை பால் எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால், பதிவேட்டில் 'குறித்தது', 'வெட்டியது' என்று இரண்டு நிலைகளை வைத்துக்கொண்டோம். குழப்பம் அத்தோடு தீர்ந்தது.

நாங்கள் தொடங்கிய வேளையே மாற்றத்தின் வேளைதான். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ, மாடலுக்குக் கருவிகளின் பட்டியலைத் தர 2023 ஜூனில் அறிமுகப்படுத்திய 'ஃபங்ஷன்ஸ்' என்ற உள்ளீட்டை அதே ஆண்டு நவம்பரில் டெப்ரிகேட் செய்து, அதன் இடத்தில் 'டூல்ஸ்' என்பதைக் கொண்டுவந்தது. ஏஜென்டுகளைக் கட்ட உதவுவதற்காக அந்த நவம்பரில் வந்த அசிஸ்டன்ட்ஸ் ஏபிஐக்கும் 2026 ஆகஸ்ட் 26 இறுதி நாள் என்று பின்னர் அறிவித்தது. இவற்றை மனிதர்கள் படித்துத் திருத்திக்கொள்ள முடிந்தது. ஏஜென்டோ அறிவிப்புகளைப் படிப்பதில்லை. கருவியின் பெயர், அதன் விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல் ஆகிய மூன்றுமே அதன் கண்ணில் படுகின்றன.

இது எங்களுக்கு உறைத்தது விலைக் கருவியில். ரப்பர் வாரியம் விலையை 100 கிலோவுக்கு இவ்வளவு என்று வெளியிடுகிறது; கடையில் பேச்சு முழுவதும் கிலோவில். பழைய கருவி 100 கிலோ விலையைத் தந்தது. புதியது கிலோ விலையைத் தந்தது. பழைய கைபேசிச் செயலிக்காக இரண்டையும் வைத்திருந்து, பழையதன் விளக்கத்தில் 'இது ஒதுக்கப்பட்டது, புதியதைப் பயன்படுத்தவும்' என்று சேர்த்திருந்தோம். அப்படியிருந்தும் ஏஜென்ட் பழையதையே அடிக்கடி அழைத்தது. ஒருநாள் 100 கிலோ விலையைக் கிலோ விலையாகச் சொல்லிவிட்டது. "தம்பி, இந்த விலைக்கு ஒட்டுப்பால் வாங்கினா நான் கடையையே எழுதிக் குடுக்கணும்" என்று கடைக்காரர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னர் விளக்கங்களை ஒப்பிட்டபோது, பல மாதங்களாகச் செம்மைப்பட்ட பழைய கருவியின் விளக்கம் எடுத்துக்காட்டுகளோடு நீண்டும், அவசரமாக எழுதிய புதியதன் விளக்கம் ஒற்றை வரியாகவும் இருந்ததைக் கண்டோம். எதைப் பற்றி நன்றாக எழுதியிருந்தோமோ அதன் பக்கமே ஏஜென்ட் சாய்ந்திருக்கிறது.

அதன்பின் மனிதர்கள் பார்க்கும் பதிவேட்டையும் ஏஜென்டுக்குத் தரும் பட்டியலையும் பிரித்தோம். 'குறித்தது' என்ற நிலைக்கு வந்ததுமே கருவி ஏஜென்டின் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். அதுவும் முழுத் தீர்வாகவில்லை. நீண்ட உரையாடலின் முன்பகுதியில் பழைய அழைப்பு இருந்தால், பட்டியலில் இல்லாத அந்தப் பெயரையே சில வேளைகளில் மறுபடி அழைத்தது. எனவே பழைய பெயருக்கு ஒரு பதிலை மட்டும் விட்டுவைத்தோம்: இந்தக் கருவி இப்போது இல்லை, இன்ன கருவியை அழைக்கவும், ரப்பரின் தரத்தைக் கட்டாயம் தரவும், விலை கிலோவுக்கு. இப்படிப் பதில் எழுதிய நாளிலிருந்து, தவறி அழைத்தாலும் பெரும்பாலும் அடுத்த அழைப்பிலேயே திருத்திக்கொள்கிறது.

வெளியார் தரும் ஏபிஐகளில் அந்த வசதி நம் கையில் இல்லை. ஒரு தரவு நிறுவனம் தன் பழைய முகவரியை மூடாமல், கடைசியாகச் சேமித்த விலையை, 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 200 என்ற இணையக் குறியெண்ணோடு தந்துகொண்டே இருந்தது. ஏஜென்டும் நான்கு நாள் 'விலையில் மாற்றமில்லை' என்றது. 'இது நீக்கப்பட்டுவிட்டது' என்று பொருள்படும் 410 குறியெண்ணைத் திருப்பியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஏபிஐயின் பதிலோடு சேர்ந்து வரும் தலைப்புகளில் (ஹெடர்), நிறுத்தும் நாளைச் சொல்லும் 'சன்செட்' தலைப்புக்கு 2019-இலேயே ஆர்எஃப்சி 8594 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வந்துவிட்டது. 'டெப்ரிகேஷன்' தலைப்புக்கு 2025-இல் ஆர்எஃப்சி 9745 வந்தது. ஆனால் ஏபிஐக்கும் ஏஜென்டுக்கும் நடுவே நிற்கும் எங்கள் இடைநிரல் பதிலின் உடலை மட்டும் எடுத்து ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுத் தலைப்புகளைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. இப்போது அவை எங்களுக்கான எச்சரிக்கையாக லாகில் (நிகழ்வுப் பதிவுக் கோப்பில்) விழுகின்றன.

சோதனையிலும் வெகுநாள் ஏமாந்தோம். இறுதி விடை சரியா என்று மட்டும் பார்த்தால், இன்னும் உயிரோடிருக்கும் பழைய கருவி சரியான விடையைத் தந்து தேர்ச்சி பெற்றுவிடுகிறது. ஆகவே எந்த வழியாகப் போனது என்பதற்கே மதிப்பெண் தருகிறோம். ஒருமுறை சரியாகப் போனதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதால் ஒரே கேள்வியைப் பலமுறை கேட்கிறோம். ஏஜென்டை இயக்கும் மொழி மாடல் மாறும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறோம். மிகுதியாகத் தோற்பது, மாற்றுக் கருவியே இல்லாத கேள்விகளில். 'அந்த வசதி இப்போது இல்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில், தொடர்பில்லாத வேறொரு கருவியை இழுத்துவந்து ஒட்டுப்போடுகிறது. பழைய கருவியிடம் மக்கள் என்னென்ன கேட்டார்கள் என்று பதிவேட்டில் நாங்கள் வைத்த பத்தி, இந்தச் சோதனைக் கேள்விகளை எழுத மிகவும் உதவியது.

பெயர் மாறாமல் பொருள் மட்டும் மாறும் கருவிகளுக்கு இந்தப் பதிவேடு எதுவும் செய்யவில்லை. நாளை யாரேனும் கிலோவைக் குவிண்டாலாக்கினால் கடைக்காரர்தான் முதலில் கண்டுபிடிப்பார். பராமரிப்பும் எளிதன்று, ஒரு கருவியை முறையாக எழுதிமுடிக்கப் பாதி நாள் போகிறது.

'குறித்தது' நிலையில் இப்போது மிஞ்சியிருப்பது பழைய பாக்கிக் கருவி ஒன்றுதான். ஏஜென்டுக்கு அது தெரியாது. குலசேகரத்தில் ஒரு கடைக்காரரின் பழைய கைபேசி மட்டும் காலை ஏழு மணிக்கு அதை அழைக்கிறது. அவர் கைபேசி மாற்றும்வரை வெட்ட வேண்டாம் என்று குறிப்பெழுதி வைத்திருக்கிறேன்.