இஹாராவும் நகாசாவாவும்

ஜப்பானின் யோகோஹாமா மரினோஸ் கால்பந்து அணியின் தற்காப்பை வெவ்வேறு காலங்களில் தாங்கிய மசாமி இஹாரா, யூஜி நகாசாவா இருவரில் பெரிய பெயர் இஹாராவுடையதே. ‘ஆசியாவின் சுவர்’ எனப்பட்ட அவர், 122 பன்னாட்டு ஆட்டங்களில் ஆடி, 1995இல் ஆசியாவின் சிறந்த வீரராகத் தேர்வாகி, ஜப்பான் முதன்முதலாகப் பங்கேற்ற 1998 உலகக் கோப்பையில் தலைமை ஏற்றார். அங்கே மூன்று ஆட்டங்களிலும் தோல்விதான்.

நகாசாவா ஆடியவை 110. ஆயினும், ஊதியமற்ற பயிற்சி வீரராக வெர்டி கவாசாகி அணியில் தொடங்கிய இவர், எதிரணியின் கோல் முகத்திலும் ஆபத்தானவர்: நாட்டுக்காக 17 கோல்கள். அவற்றுள், 2004 ஆசியக் கோப்பை அரையிறுதியில் பஹ்ரைனுக்கு எதிராக 90ஆம் நிமிடத்தில் தலையால் முட்டிச் சமன் செய்த கோல்தான் (தற்காப்பாளர் அங்கே என்ன செய்தார் என்று கேட்கலாம்) ஜப்பானைக் காப்பாற்றியது. அவ்வாண்டே அவர் ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான ஜே லீக்கின் மிகச் சிறந்த வீரருமானார். முன்னோடி இஹாரா எனினும், ஆட்டத்தின் கடைசி நிமிடத்துக்கு நான் நகாசாவாவையே தேர்வேன்.