480 டாலர் மாரா பேக்கேஜில் எதை வெட்டுகிறார்கள்?

ஆகஸ்ட் மாதம், கென்யாவின் மசாய் மாரா வனவிலங்கு ரிசர்வ், 3 பகல் 2 இரவு, ஆளுக்கு 480 டாலர், "பூங்கா நுழைவுக் கட்டணம் உட்பட." ஆறு பேர் இதை நம்பிப் பணம் கட்டினார்கள். வாட்ஸ்அப்பில் வந்த தாளில் லேண்ட் க்ரூஸர் படம் இருந்தது, ஆற்றில் பாயும் வில்டபீஸ்ட் கூட்டம் இருந்தது, "கன்சர்வன்சி கேம்ப்" என்ற வார்த்தையும் இருந்தது. நைரோபியில் ஏற்றிக்கொள்ள வந்தது வேன். முதல் நாள் மாலை "கேம் டிரைவ்" (வண்டியில் சுற்றி விலங்கு பார்ப்பது) என்று கூட்டிப் போனது ரிசர்வின் செக்கெனானி வாசலுக்கு வெளியே, மாடு மேயும் நிலத்தில். மூன்றாம் நாள் காலை ஒரு மசாய் கிராமம், பிறகு நேராக நைரோபி. ரிசர்வுக்குள் இருந்தது இரண்டாம் நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 4 வரை. மூன்று நாள் காசுக்கு எட்டு மணி நேரம்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அந்தத் தாளைப் பார்த்த உடனேயே இது நடக்கும் என்று சொல்லியிருக்கலாம். விலையிலேயே பதில் இருக்கிறது.

2024 முதல் மாராவில் வெளிநாட்டுப் பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு 50. டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரை, 12 மணி நேரத்துக்குத்தான். பக்கத்துத் தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்கா மாதிரி 24 மணி நேரம் செல்லும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். ஆக, முதல் நாள் மாலை, இரண்டாம் நாள் முழுக்க, மூன்றாம் நாள் காலை என்று மூன்று முறை உள்ளே போனால் ஆகஸ்டில் கட்டணம் மட்டுமே 600 டாலர். 480 டாலருக்குள் அது எப்படி அடங்கும்?

நேர்மையான கணக்கையும் போட்டுப் பாருங்கள். டிரைவர், டீசல் சேர்த்து லேண்ட் க்ரூஸர் நாளுக்கு 200 முதல் 300 டாலர் வரை. மூன்று நாளுக்கு ஆனதை ஆறு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 100 முதல் 150. வாசலுக்கு வெளியே சாதாரணக் கூடார கேம்ப், மூன்று வேளை சாப்பாட்டோடு ஒரு இரவுக்கு 60 முதல் 100. இரண்டு டிக்கெட்டோடு சேர்த்தால் 620-க்குக் குறையாது, மூன்று டிக்கெட் என்றால் 820-க்குக் குறையாது. இதற்குக் கீழே யார் விலை சொன்னாலும் எங்கோ ஒரு இடத்தில் கத்தரி வைத்திருக்கிறார்கள். எங்கே என்பதுதான் கேள்வி.

முதல் வெட்டு டிக்கெட்டில். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: முதல் நாள் மாலை உள்ளே போகாமல் இருப்பது தவறே இல்லை. நைரோபியிலிருந்து மாரா ஏறக்குறைய 270 கிலோமீட்டர், நரோக் வழியாக ஐந்து, ஆறு மணி நேரம். காலை 7-க்குக் கிளம்பினாலும் மதியச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேருவீர்கள். மாலை மூன்று மணி நேரத்துக்காக 200 டாலர் கொடுப்பது பலருக்குக் கட்டுப்படியாகாது. வெளியே உள்ள சமூக நிலத்திலும் ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை தென்படும். ஆனால் அதைத் தாளில் வெளிப்படையாக எழுத வேண்டும்: "முதல் நாள் ரிசர்வுக்குள் நுழைவு இல்லை." எழுதாமல் "ஈவினிங் கேம் டிரைவ்" என்று போடுவதுதான் மோசடி. அதனால் பணம் அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "எத்தனை நாள் டிக்கெட், எந்தெந்தத் தேதிக்கு, எந்த வாசல் வழியாக?" செக்கெனானி, தாலேக், ஓலோலோலோ என்று பெயரோடு பதில் வர வேண்டும். "எல்லாம் உட்படத்தான் சார், கவலைப்படாதீங்க" என்பது பதில் அல்ல.

டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். உங்களை வெளிநாட்டவர் வகையில் போட்டிருக்கிறார்களா, தேதியும் ஆள் எண்ணிக்கையும் சரியா என்று பார்க்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்கக் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. அந்த வகையில் டிக்கெட் போட்டு மீதியை விழுங்கினால், உள்ளே ரேஞ்சர் சோதிக்கும்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான். அங்கேயே மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது வெட்டு நேரத்தில். சிங்கமும் சிறுத்தையும் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். வாசல் திறப்பது காலை 6 மணிக்கு. எட்டு மணிக்கு உள்ளே போகிறவர் பார்ப்பது பெரும்பாலும் புதர் நிழலில் தூங்கும் முதுகுகளை. ஆனால் 6 மணிக்குப் போக வேண்டுமானால் கேம்ப் சமையல்காரர் ஐந்து மணிக்கு எழுந்து காலைச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்ட வேண்டும், டிரைவர் 12 மணி நேரமும் டீசல் எரிக்க வேண்டும். மலிவு பேக்கேஜில் இரண்டும் நடக்காது. "6 மணிக்கு வாசலில், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு" என்று எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது வெட்டு வண்டியில். வேன் என்றாலே மோசம் என்று சொல்ல மாட்டோம். காய்ந்த ஆகஸ்டில் பிரதான மண்பாதைகளில் கூரை தூக்கும் வேன் நன்றாகவே ஓடும். ஆனால் மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். ஏப்ரல், மே மழையிலும் நவம்பர் சிறுமழையிலும் நாலு சக்கர இழுவை இல்லாத வேன் அச்சு வரை புதையும், அரை நாள் தள்ளுவதிலேயே போகும். மழைக் காலத்தில் போவதாக இருந்தால் லேண்ட் க்ரூஸர் தவிர வேறு எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தக் காலமானாலும் "ஆளுக்கு ஒரு ஜன்னல் இருக்கை" என்ற வரி தாளில் இருக்க வேண்டும், இல்லையென்றால் நைரோபியில் வேறு நாலு பேர் உங்கள் வண்டியில் ஏறுவார்கள்.

நாலாவது வெட்டுதான் உண்மையில் மோசமானது. அது டிரைவரின் கூலியில் விழுகிறது, அங்கிருந்து விலங்குகள் தலையில் இறங்குகிறது. நீங்கள் பணம் கொடுத்த ஏஜென்ட் நைரோபியில் உள்ள ஒருவருக்கு விற்கிறார், அவர் நாள்கூலி டிரைவர் ஒருவரைப் பிடிக்கிறார். ஒவ்வொரு கையிலும் ஒரு பங்கு நின்றுவிடுவதால் கடைசியில் டிரைவருக்கு மிஞ்சுவது உங்கள் டிப்ஸ்தான். டிப்ஸ் வாங்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி கிட்டே கொண்டுபோய் நிறுத்துவது. ரேடியோவில் "சிவிங்கிப்புலி" (சீட்டா) என்று கேட்டதும் முப்பது வண்டிகள் ஒரே புதரைச் சுற்றி வளைப்பது இப்படித்தான்.

மாராவில் விதிகள் இல்லாமல் இல்லை. விலங்கிலிருந்து குறைந்தது 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ஒரு விலங்கருகே ஒரு நேரத்தில் ஐந்து வண்டிகள்தான், மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் நகர வேண்டும், கண்ட இடத்தில் பாதையை விட்டு இறங்கக் கூடாது. மாரா ஆற்றுக்கு மேற்கே உள்ள மாரா ட்ரையாங்கிள் பகுதியை 2001 முதல் மாரா கன்சர்வன்சி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது, அங்கே கெடுபிடி அதிகம். கிழக்குப் பக்கம் நரோக் மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, கூட்டமும் அந்தப் பக்கம்தான் அதிகம்.

இந்தத் தூரக் கணக்கை வெறும் நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். சிவிங்கிப்புலி சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பயந்து பகலில் வேட்டையாடும் விலங்கு. வண்டிகள் வருவதும் பகலில்தான். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே ஒரு வண்டி புகுந்தால் குட்டி வழிதவறும், இரை தப்பும், கூட்டத்தைப் பார்த்துக் கழுதைப்புலி மோப்பம் பிடித்து வரும். மாராவில் செய்த ஆய்வொன்று 2018-இல் வெளியானது. சுற்றுலா குறைந்த பகுதியில் ஒரு ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகள் வளர்ந்து தாயை விட்டுப் பிரிந்தன, சுற்றுலா அதிகமான பகுதியில் அது வெறும் 0.2. அதாவது ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி. உங்கள் டிரைவர் கிட்டே போனால் "தூரமே போதும்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். டிப்ஸ் அதனால் குறையாது என்பதையும் முதல் நாளே, நைரோபியிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவர் வண்டி ஓட்டும் விதத்தையே மாற்றிவிடும்.

டிரைவரைப் பற்றிக் கேட்க வேண்டியது, அவர் கென்யா தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கத்தின் தேர்வில் எந்தப் படி என்பது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள் உண்டு. வெண்கலம் கூட இல்லாதவரை "அனுபவசாலி" என்று மட்டும் சொல்லித் தள்ளிவிடுவார்கள்.

"ஆற்றைக் கடக்கும் காட்சி உறுதி" என்று போட்டிருந்தால் அந்தத் தாளை அங்கேயே கிழித்துப் போடலாம். வில்டபீஸ்ட் மந்தைகள் பொதுவாக ஜூலை பிற்பகுதி முதல் அக்டோபர் வரை மாராவில் இருக்கும், ஆனால் எந்தத் துறையில், எந்த நாளில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கரை வரை வந்து நாலு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகும். உறுதி கொடுத்த டிரைவர்தான் மந்தை இறங்கும் முன்பே கரையை மறித்து வண்டியை நிறுத்துவார், பயந்த மந்தை செங்குத்தான இடத்தில் குதிக்கும். 2025 ஜூலையில் செரெங்கெட்டியின் வடபகுதியில் பயணிகள் வண்டியை விட்டு இறங்கிக் கரையை மறித்த வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். ஜனவரியில் "மாரா மைக்ரேஷன்" (மந்தைகளின் இடப்பெயர்வு) விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மாதங்களில் மந்தை தெற்கே, தான்சானியாவின் ந்டுட்டு புல்வெளியில் கன்று ஈன்றுகொண்டிருக்கும்.

"கன்சர்வன்சி கேம்ப்" என்ற வார்த்தைக்கு வருவோம். மாரா நார்த், ஓலாரே மோட்டோரோகி, நபோய்ஷோ போன்ற கன்சர்வன்சிகள் ரிசர்வை ஒட்டிய, மசாய் குடும்பங்களின் சொந்த நிலம். கேம்புகள் அதைக் குத்தகைக்கு எடுத்து மாதாமாதம் வாடகை கொடுக்கின்றன. கூடார எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, வண்டிகள் குறைவு, ரிசர்வில் அனுமதியில்லாத இரவு சஃபாரியும் நடைப்பயணமும் இங்கே உண்டு. மாராவில் காசு கூடுதலாகக் கொடுக்கத் தகுதியான இடம் இதுதான். அதனால்தான் வாசலுக்கு வெளியே கடைத்தெருவை ஒட்டிய கேம்புகளும் இந்தப் பெயரை ஒட்டவைத்துக்கொள்கின்றன. எந்தக் கன்சர்வன்சி என்று கேட்டு, அதன் உறுப்பினர் கேம்புகளின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கன்சர்வன்சி கட்டணம் தனி வரியாக பில்லில் இல்லையென்றால் அது கன்சர்வன்சி அல்ல.

இதே ஏஜென்ட்கள் அடுத்த வருடம் தென்னாப்பிரிக்கா விற்பார்கள். அங்கே கவர்ச்சி வேறு: "அனாதைச் சிங்கக் குட்டிகளுக்குப் பால் புகட்டலாம், சிங்கத்தோடு நடக்கலாம்." அந்தக் குட்டிகள் அனாதைகள் அல்ல. பிறந்த சில நாளிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை. பிரித்துவிட்டால் தாய் சீக்கிரமே மறுபடி சினைக்கு வரும் என்பதுதான் பண்ணைக்காரர் கணக்கு. சில மாதம் தடவிப் பார்க்க, ஒன்றரை வயது வரை கூட நடக்க, அதன் பிறகு இனப்பெருக்கம், அடைத்த வேலிக்குள் காசுக்குச் சுடும் வேட்டை, எலும்பு ஏற்றுமதி. 2017-இல் அந்நாட்டு அரசு 800 சிங்க எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அனுமதி கொடுத்தது. 2019-இல் நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு சட்டவிரோதம் என்றது. 2021-இல் இந்தத் தொழிலையே முடித்துவைக்கப் போவதாக அரசு அறிவித்தும், 300-க்கும் மேற்பட்ட இடங்களில் சுமார் 8,000 சிங்கங்கள் அடைபட்டிருந்தன. கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விட முடியாது, ஆகவே "காட்டில் விடுவோம்" என்பதும் பொய். இடத்தின் பெயரில் "சாங்க்சுவரி" இருந்தாலும் கேளுங்கள்: போன வருடக் குட்டிகள் இப்போது எங்கே? இங்கே இனப்பெருக்கம் நடக்கிறதா? தொட அனுமதி உண்டா? உண்மையான காப்பகம் இனப்பெருக்கமும் செய்யாது, தொடவும் விடாது. நைரோபியின் ஷெல்ட்ரிக் யானைக் குட்டிகள் காப்பகத்தில் பார்வையாளர் நேரம் காலை 11 முதல் ஒரே ஒரு மணி நேரம், முன்பதிவு அவசியம், கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். அந்தக் கண்டிப்புதான் அடையாளம்.

காகித வேலையிலும் இரண்டு பொறிகள். கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசா இல்லை, இணைய வழிப் பயண அனுமதி மட்டும், கட்டணம் ஏறக்குறைய 30 டாலர். தேடினால் மேலே வருவது இரண்டு மூன்று மடங்கு வாங்கும் இடைத்தரகர் தளங்கள். அரசுத் தளத்தின் முகவரி "கோ டாட் கேஇ" (.go.ke) என்று முடியும். மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றி ஏஜென்ட் "கென்யாவில் கேட்க மாட்டார்கள்" என்பார். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் அங்கே கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் கேட்பார்கள். சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமை முகாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

பணம் கட்டும் முறைக்கு வந்தால், கென்யாவின் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிம எண்ணைக் கேளுங்கள், கென்யா டூர் ஆபரேட்டர்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். தனிநபர் கணக்குக்கோ ஒருவரின் எம்-பெசா (கென்யாவின் மொபைல் பணச் சேவை) எண்ணுக்கோ அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கு, முடிந்தால் கிரெடிட் கார்டு, முப்பது சதவீதத்துக்கு மேல் முன்பணம் வேண்டாம்.

அந்த ஆறு பேரும் முன்பணத்தைக் கார்டில் கட்டியிருந்தார்கள், மீதியை நைரோபி ஹோட்டல் வாசலில் ரொக்கமாகக் கொடுத்தார்கள். "3 நாள் கேம் டிரைவ், பூங்கா கட்டணம் உட்பட" என்ற வாட்ஸ்அப் செய்தியையும் ஒரே தேதி போட்ட டிக்கெட்டின் படத்தையும் வங்கிக்கு அனுப்பி, கார்டில் போனதைத் திரும்ப வாங்கினார்கள். ரொக்கத்துக்கு ரசீது இல்லை.